தட்டை மாற்றிப் பார்த்தீர்களா?

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். அல்சைமர் நோய் முற்றிய 9 ஆண்களை வைத்துச் செய்தது. முதல் 10 நாள் மதியமும் இரவும் வழக்கமான வெள்ளைத் தட்டிலும் வெள்ளைக் கோப்பையிலும் உணவு கொடுத்து, எவ்வளவு உள்ளே போனது என்று அளந்து குறித்துக்கொண்டார்கள். அடுத்த 10 நாள் பாத்திரங்கள் அடர் சிவப்பு. பிறகு மறுபடியும் வெள்ளை. சிவப்புக்கு மாறிய நாட்களில் உணவு சராசரியாக 25 சதவீதமும், நீர், பால் போன்றவை 84 சதவீதமும் கூடுதலாகச் செலவாயின. ஒன்பது பேரில் எட்டுப் பேரிடம் இந்த மாற்றம் தெரிந்தது. ஓராண்டு கழித்து அடர் நீலத்தில் செய்து பார்த்தார்கள். அதற்கும் பலன் இருந்தது. வெளிர் சிவப்புக்கும் வெளிர் நீலத்துக்கும் இல்லை. ஆக, சிவப்புக்கென்று தனி மகிமை ஏதுமில்லை. சோறு எது, தட்டு எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் வீடுகளில் நாம் அன்றாடம் வழங்கும் ஒரு தீர்ப்பை அந்த ஆய்வு அசைத்துவிடுகிறது. மறதிநோய், அதாவது டிமென்ஷியா வந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தால் ‘பிடிவாதம்’ என்கிறோம். கொஞ்சம் இரக்கம் இருந்தால் ‘பசியில்லை போல’ என்கிறோம். முதலாவது பழியை அவருடைய மனத்தின்மேல் போடுகிறது, இரண்டாவது வயிற்றின்மேல். தட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: சாப்பிட மறுக்கிறார் என்று நமக்குத் தோன்றும் பல வேளைகளில் அவர் மறுக்கவில்லை. சாப்பிடுவது என்கிற வேலையில் ஏதோ ஒரு படியில் தடுக்கி நிற்கிறார். எந்தப் படி என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் கைகொடுத்தால், மீதியை அவரே பார்த்துக்கொள்ளக்கூடும். அதற்கு முன்பே அதட்டலையும் டானிக்கையும் மூக்குக் குழாயையும் தேடிப் போவது கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்வதாகும்.

இது ஏதோ சில வீடுகளின் கதையும் அல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது கூடுதல். இவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். சாப்பாடு போடுவது மனைவி, மகள், மருமகள். சில வீடுகளில் கணவரோ மகனோ. யாராக இருந்தாலும், இதற்கென்று ஒருநாள் பயிற்சிகூடப் பெறாதவர்கள்.

ஒரு வாய்ச் சோறு தட்டிலிருந்து வயிற்றுக்குப் போவதற்குள் எத்தனை வேலைகள் நடக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தேவையில்லாமல் மூளை அவற்றைச் செய்துவிடுகிறது. சமையலறையிலிருந்து வரும் தாளிப்பு வாசனை பசியைக் கிளப்ப வேண்டும். அல்சைமர் நோயில் மோப்பத் திறன் மிக முன்னதாகவே மங்கத் தொடங்குகிறது. நினைவு தடுமாறுவதற்கு முன்பே சிலருக்கு வாசனை போய்விடுகிறது. அடுத்து, தட்டில் இருப்பது கண்ணில் பட வேண்டும். கண் மருத்துவர் குறையில்லை என்று சொன்னாலும், பார்த்ததைப் பிரித்தறியும் மூளைப் பகுதிகள் பழுதானால் வெளிர் நிறமும் வெளிர் நிறமும் சேர்ந்து ஒன்றாகிவிடும். கண்ணில் பட்டது உணவுதான் என்று அடையாளம் தெரிய வேண்டும். சிலர் கைத்துடைக்கும் தாளை வாயில் வைத்துவிட்டு இட்லியை ஒதுக்குவது இங்கே நேரும் கோளாறு. உணவென்று தெரிந்தாலும் கையை எப்படித் தொடங்குவது என்பது தெரியாமல் போகலாம். கை வலுவாக இருக்கும், பசியும் இருக்கும், ஆனால் பிசை, எடு, வாய்க்குக் கொண்டுபோ என்ற வரிசை கலைந்திருக்கும். வாய்க்குள் போன பிறகு மெல்ல மறந்து கன்னத்தில் அடக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மென்றபின் விழுங்க மறப்பவர்களும் உண்டு. நடுவில் யாரோ கதவைத் தட்டினால், சாப்பிட்டுக்கொண்டிருந்தது நினைவில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். முற்றிலும் எதிர்த்திசையிலும் நடக்கும். நெற்றிப்பக்க மூளையைத் தாக்கும் வகையில் நிறுத்தத் தெரியாமல் சாப்பிடுவதும் இனிப்பின்மேல் தீராத ஆசையும் வருகின்றன. அவருக்குப் பழுதானது ‘போதும்’ என்னும் படி.

மேலே சொன்ன ஒவ்வொரு கோளாறும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: தட்டில் சோறு மிச்சம். அதனால்தான் பொதுவான அறிவுரை எதுவும் இங்கே எடுபடுவதில்லை. சோறு கண்ணில் படாதவரிடம் ‘சாப்பிடுங்கப்பா, உடம்பு தேறும்’ என்று பத்து முறை சொல்லிப் பயனில்லை. கையைத் தொடங்கத் தெரியாதவருக்குச் சிவப்புத் தட்டு வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. ஒரு வேளை முழுவதும் பேசாமல் எதிரே உட்கார்ந்து, எந்த இடத்தில் நின்றுபோகிறார் என்று பார்ப்பதே முதல் சிகிச்சை. பார்வை தட்டுக்குப் போகிறதா? போகிறது என்றால் கை நகர்கிறதா? முதல் வாயை நாம் தொடங்கிவைத்தால் இரண்டாவதை அவரே எடுக்கிறாரா? இதைக் கவனிக்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. செவிலியர்களிடம் புழங்கும் ‘எடின்பரோ’ அளவுகோலும் இதே போன்ற கேள்விகளைத்தான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது: உணவைத் துப்புகிறாரா, வாயைத் திறந்தே வைத்திருக்கிறாரா, விழுங்க மறுக்கிறாரா என்று.

மூளையைக் குறைசொல்லும் முன் உடம்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உடல் இளைத்ததால் பல்செட் தளர்ந்து ஈறைக் குத்திக்கொண்டிருக்கலாம், சொல்லத் தெரியாது. வாய்ப்புண், சொத்தைப்பல், நாலு நாள் மலச்சிக்கல், மனச்சோர்வு, இவற்றில் எது இருந்தாலும் சாப்பாடு இறங்காது. மறதிநோய்க்காகவே கொடுக்கப்படும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் குமட்டலையும் பசியின்மையையும் தரும். வேறு சில மாத்திரைகள் வாயை வறளச் செய்யும். நேற்றுவரை சரியாகச் சாப்பிட்டவர் இன்று திடீரென்று நிறுத்தினால் அது மறதிநோயின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ வேறு ஏதேனுமோ இருக்கும். மருத்துவரிடம் போக வேண்டும். மறதிநோய் பெரும்பாலும் மெல்ல வருவது, ஒரே இரவில் வருவதில்லை.

இனி நம் வீட்டுத் தட்டுக்கு வருவோம். பாஸ்டன் ஆய்வு மேசையும் கோப்பையுமாக இருக்கும் ஓர் இல்லத்தில் நடந்தது. நம் ஊரில் தயிர்சாதம் எவர்சில்வர் தட்டில் வருகிறது. வெள்ளைமேல் வெள்ளி, போதாக்குறைக்கு மேலே குழல்விளக்கின் வெளிச்சம் பட்டுத் தட்டு பளபளக்கும். அந்தக் கூசலில் தயிர்சாதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நல்ல மூளைக்கே ஒரு நொடி ஆகும். வெள்ளை மெலமைன் தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் அதே கதைதான். பூப்போட்ட தட்டு இன்னும் மோசம், பூவைப் பொறுக்க விரல் போகும். எதிரில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். உள்ளே இருப்பது தெரிவதில்லை. கண்ணாடி டம்ளரிலோ டம்ளர், தண்ணீர் இரண்டுமே தெரிவதில்லை. அடர்நிறத் தட்டு ஒன்று, அடர்நிற டம்ளர் ஒன்று, பூ இல்லாத மேசை விரிப்பு, நிழல் விழாத வெளிச்சம்: இவ்வளவும் ஒரு வாரத்து மருந்துச் செலவுக்குள் அடங்கிவிடும். நம்மிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. பச்சை வாழையிலைமேல் வெள்ளைச் சோறு விழும்போது கிடைக்கும் நிற வேறுபாட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வாழையிலையை வைத்து இப்படி யாரும் ஆய்வு செய்து நான் அறியேன். இது பாஸ்டன் முடிவிலிருந்து என் ஊகம். ஆனாலும் முயன்று பார்க்க ஓர் இலைதான் செலவு. அறுபது எழுபது ஆண்டுகளாக ‘இலை போட்டால் உட்கார வேண்டும்’ என்று பழகிய உடம்புக்கு அந்த இலையே அழைப்பாகவும் இருக்கக்கூடும்.

இலை உதவலாம், இலைநிறையப் பரிமாறுவது உதவாது. கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய், இரண்டு வகைக் குழம்பு என்று ஒரே நேரத்தில் வைத்தால் எதில் கைவைப்பது என்ற தேர்வு முன்னால் வந்து நிற்கும். தேர்ந்தெடுப்பதுதான் அவருக்குக் கடினமான வேலை. பிசைந்த சாதம் கொஞ்சம், அது முடிந்ததும் அடுத்தது என்று ஒவ்வொன்றாக வைப்பது நல்லது. நம் சமையலில் பழக்கத்தின் காரணமாக நம் கண்ணுக்கே படாத சில ஆபத்துகளும் உண்டு. முருங்கைக்காயைச் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும், மீனில் முள் எடுக்க வேண்டும், கறிவேப்பிலையையும் மிளகாயையும் ஒதுக்க வேண்டும். இவையெல்லாம் மூளை போடும் கணக்குகள். கணக்கு தவறினால் தொண்டையில் சிக்கும், அல்லது அடுத்த வேளை வாயைத் திறக்கப் பயப்படுவார். விழுங்குவதில் சிரமம் தொடங்கிவிட்டால் தண்ணியான ரசத்தில் பருக்கை பருக்கையாக மிதக்கும் சோறும் சிக்கல்தான். நீர் ஒரு வேகத்திலும் சோறு இன்னொரு வேகத்திலும் தொண்டைக்குப் போய்ப் புரையேறும். குழைய வடித்துக் கெட்டியாகப் பிசைந்தால் அதே ரசம் சாதம் பாதுகாப்பாக இறங்க வாய்ப்பு அதிகம்.

சாப்பிடும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பர்டியூ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வு ஒன்றில் மறதிநோயாளிகள் இருக்கும் இல்லங்களின் சாப்பாட்டு அறையில் மீன்தொட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்ற 62 பேர் சராசரியாக முன்பைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கொஞ்சம் ஏறியது. 1994இல் வந்த மற்றொரு ஆய்வு, சாப்பாட்டு நேரத்தில் மெல்லிசை ஒலித்தபோது 29 பேரிடம் பதற்றமும் கத்தலும் வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. வீட்டில் மீன்தொட்டி வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அமைதியாக ஓரிடத்தில் உட்காரவைக்க எது உதவுகிறதோ அது சாப்பாட்டுக்கும் உதவுகிறது. தொலைக்காட்சித் தொடரில் மாமியாரும் மருமகளும் உச்சஸ்தாயியில் மோதிக்கொண்டிருக்கும்போது மெல்லுவதில் கவனம் வைப்பது யாருக்குமே சுலபமில்லை. பொழுது சாய்ந்தால் பலருக்கு நிலைகொள்ளாமல் போகிறது. எனவே கனமான சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றி இரவை லேசாக்குவதும் புத்திசாலித்தனம்.

கையால் சாப்பிடும் வழக்கம் நமக்கு ஒரு பெரிய வசதி. மேலை நாட்டு இல்லங்களில் கத்தி, முள்கரண்டி பிடிக்க மறந்தவர்களுக்காக விரலால் எடுத்துண்ணும் பண்டங்களைத் தனியே யோசித்துச் செய்கிறார்கள். இட்லி, இடியாப்பம், தோசைத் துண்டு, கொழுக்கட்டை என்று நம்மிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன. சோற்றைக்கூட உருண்டை பிடித்து இலையில் வைத்துவிடலாம். விரல் உணவைத் தொடும்போது சூடு, மென்மை, ஈரம் ஆகியவையும் ‘இது உணவு’ என்று மூளைக்குச் சொல்லும். கண் கைவிட்ட இடத்தில் தொடுகை துணைக்கு வருகிறது. கை தொடங்கத் தயங்கினால், அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் மெலிசா பேட்செலர் ஆராய்ந்த ஒரு முறை இருக்கிறது. உதவுபவர் தன் கையை நோயாளியின் கைக்கு அடியில் கொடுத்து, உணவை எடுத்து, இரண்டு கையும் சேர்ந்தே வாய்க்குப் போகுமாறு செய்கிறார். கை பழைய பாதையில் நகர்வதால் வாய் தானே திறக்கிறது. அவருடைய கையை மேலிருந்து பிடித்து இழுப்பது இதற்கு நேர் எதிரானது. அப்படி இழுத்தபோது நோயாளிகள் குறைவாகவே சாப்பிட்டதாக பேட்செலரின் ஒப்பீடு காட்டியது. நம்மைக் கட்டாயப்படுத்தினால் நாமும் கையை உதறத்தானே செய்வோம். இன்னும் எளிய வழி, எதிரே உட்கார்ந்து நாமும் சாப்பிடுவது. எதிரில் ஒரு கை வாய்க்குப் போவதைப் பார்த்து இந்தக் கையும் போகும். ‘அவருக்குக் கொடுத்து முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்’ என்று ஒத்திப்போடுவது பெண்களின் பசியையும் வளர்க்கிறது, அவருக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய முன்மாதிரியையும் நீக்கிவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதுவும் அன்பிலிருந்து வரும். எதற்கு இத்தனை பாடு, நாமே ஊட்டிவிட்டால் என்ன? சிந்தாது, சிதறாது, பத்து நிமிடத்தில் முடியும். நமக்கு ஊட்டி வளர்த்தவர்களுக்கு நாம் ஊட்டுவதில் என்ன குறை? குறை ஊட்டுவதில் இல்லை, தேவைப்படும் முன்பே ஊட்டத் தொடங்குவதில் இருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் மார்கிரெட் பால்ட்டஸ் முதியோர் இல்லங்களில் நடப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பதிவுசெய்தார். முதியவர் தானே ஒரு வேலையைச் செய்யும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முடியாமல் நிற்கும்போது உடனே ஆள் வருகிறது. செயலிழப்புக்குக் கவனிப்பு பரிசாகக் கிடைப்பதால், நோய் பறிக்காத திறனையும் சூழல் பறித்துவிடுகிறது. மறதிநோயில் ஒருமுறை கைவிட்ட பழக்கத்தைத் திரும்பக் கற்றுக்கொள்வது மிகக் கடினம். இரண்டு மாதம் முழுதாக ஊட்டிவிட்டால் மூன்றாவது மாதம் உண்மையிலேயே ஊட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். அன்றைக்குப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்ததற்கு வருடக்கணக்கில் வட்டி கட்டுகிறோம். ‘டிமென்ஷியா ரீகன்சிடர்ட்’ என்ற நூலை 1997இல் எழுதிய பிரிட்டிஷ் அறிஞர் டாம் கிட்வுட், நோயாளியின் ஆளுமையைச் சிதைக்கும் பழக்கங்களை அதில் பட்டியலிட்டார். அவருடைய வேகத்தை மீறி அவசரப்படுத்துவதும், குழந்தைபோல நடத்துவதும் அதில் உண்டு. ‘ஆ காட்டு, சமத்து’ என்று எழுபத்தைந்து வயதுக்காரரிடம் சொல்வதில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. ‘அப்பா, சோறு வைத்திருக்கிறேன், எடுத்துக்கோங்க’ என்று ஒரே ஒரு சொற்றொடர் சொல்லி, பதில்வர நேரம் கொடுத்தால் போதும்.

சாப்பிட்டு அரைமணி ஆகவில்லை, ‘இன்னும் எனக்குச் சாப்பாடு போடவில்லை’ என்று உறவினர்களிடம் புகார் சொல்பவர்களும் உண்டு. இதில் மருமகள்கள் படும் அவமானம் தனிக்கதை. ‘இப்பதானே சாப்பிட்டீங்க’ என்று வாதாடினால் தோற்பது நாம்தான். அவருடைய மூளையில் அந்த நிகழ்வே பதிவாகவில்லை, இல்லாத ஒன்றை ஒப்புக்கொள்ளச் சொல்கிறோம். ‘இதோ ஆகுது’ என்று சொல்லி ஒரு பழத்துண்டோ மோரோ கொடுப்பது நேர்மைக்குறைவு ஆகாது. ஒரு நாளைக்கான அளவை மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகப் பிரித்துவிட்டால் கேட்கும்போதெல்லாம் கொடுக்க ஏதாவது கைவசம் இருக்கும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று இருப்பவருக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. சாப்பாடு உப்பில்லாமல் சப்பென்று இருந்தால் மோப்பமும் மங்கியவருக்கு நாக்கில் எதுவும் தட்டாது. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் 2015இல் மறதிநோய்க்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல், உணவுக் கட்டுப்பாடுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. எடை குறைந்துகொண்டே போகும் மறதிநோயாளிக்கு இன்று கண்ணெதிரே இருக்கும் ஆபத்து பட்டினி. பத்தாண்டு கழித்து வரக்கூடிய சிக்கலுக்காக இன்றைய தட்டைக் காலியாக வைப்பது சரியான கணக்கு அல்ல. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு அல்வா கொடுக்கச் சொல்லவில்லை. இலக்குகளைத் தளர்த்தலாமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இன்சுலின் போடுபவர் வீட்டில் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஊசியைப் போட்டபின் அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து வரும்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் சான்று எங்கே என்று கறாரான வாசகர் கேட்பார். நியாயமான கேள்விதான். 2018இல் காக்ரேன் அமைப்பு இத்தகைய சூழல் மாற்றங்கள், பழக்க மாற்றங்கள் பற்றிய தரமான சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தது. தேறியவை ஒன்பதுதான், பங்கேற்றவர்கள் 1502 பேர். சான்றுகளின் தரம் மிகக் குறைவு, குறிப்பிட்ட எந்த முறையையும் உறுதியாகப் பரிந்துரைக்க முடியவில்லை என்று அது முடித்தது. இதை மறைத்துவிட்டுத் தட்டு விற்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் ‘பலன் நிரூபிக்கப்படவில்லை’ என்பதை ‘பலன் இல்லை’ என்று படிக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தடுக்கும் படி வேறாக இருக்கும்போது எல்லோருக்கும் ஒரே தட்டைக் கொடுத்துச் சராசரி பார்த்தால் பலன் கரைந்துபோவதில் வியப்பில்லை. எவ்வளவு சான்று கேட்க வேண்டும் என்பது செலவையும் தீங்கையும் பொறுத்தது. தட்டை மாற்றுவதில் தீங்கு இல்லை. ஒரு வாரம் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, பலன் இல்லையென்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் குறித்தால் நம் வீட்டு ஆய்வு தயார். தீங்கு இருக்கக்கூடிய இடத்தில் கூடுதலாகக் கேட்க வேண்டும். புரையேறாமல் இருக்க நீரில் பொடி கலந்து கெட்டியாக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். மறதிநோயோ பார்க்கின்சன் நோயோ உள்ள 515 பேரிடம் செய்து 2008இல் வெளியான சோதனையில், அது தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொல்வதைவிட நிமோனியாவைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. கெட்டியான நீர் குடித்தவர்களிடம் நீரிழப்புத்தான் கூடுதலாகத் தென்பட்டது. கொழகொழப்பான தண்ணீரை யார் விரும்பிக் குடிப்பார்கள்?

எல்லாப் படிகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகி, கடைசியில் விழுங்குவதும் தடுமாறும் காலம் வரும். பாஸ்டன் பகுதியில் 22 இல்லங்களில் நோய் முற்றிய 323 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. 18 மாதங்களில் ஏறத்தாழ 86 சதவீதம் பேருக்குச் சாப்பாட்டுச் சிக்கல் வந்துவிட்டது என்று அது சொல்கிறது. ஆக, இது யாரோ கவனிக்காமல் விட்டதால் வருவது அல்ல, நோயின் போக்கு. அப்போது நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச்சின்ன வாயாக, விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்ததைக் கொடுத்து, முடிந்தபின் அரைமணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். தூக்கக்கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது.

இந்தக் கட்டத்தில்தான் மருத்துவமனையில் ‘ரைல்ஸ் டியூப் போட்டுடலாமா?’, அதாவது மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கலாமா, என்ற கேள்வி வருகிறது. வேண்டாம் என்றால் பெற்றவரைப் பட்டினி போட்ட பாவம் வந்துவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். இங்கே சான்றுகள் தட்டு விஷயத்தைவிட அதிகமாகவே பேசுகின்றன. 1999இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டுவதற்கோ நிமோனியாவைத் தடுப்பதற்கோ ஆதாரம் இல்லை என்றது. 2009இலும் 2021இலும் வந்த காக்ரேன் தொகுப்புகளும் ஆயுளைக் கூட்டுவதற்குச் சான்று காணவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் குழாயைப் பரிந்துரைக்கவில்லை என்றும், அதற்குப் பதில் கவனமாகக் கையால் ஊட்டச் சொல்லியும் நிலைப்பாடு எடுத்தது. குழாய் எச்சிலையும் வயிற்றிலிருந்து மேலேறுவதையும் தடுப்பதில்லை. அவை நுரையீரலுக்குள் போகத்தான் போகின்றன. மூக்கில் உறுத்தும் குழாயை அவர் பிடுங்குவார், பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்டுவோம், கட்டுண்டு கிடப்பதில் படுக்கைப்புண் வரும். பக்கவாதத்துக்குப் பின்னோ ஒரு காய்ச்சலின்போதோ, தேறிவிடும் வாய்ப்பிருக்கும்போது சிலநாள் குழாய் போடுவது வேறு. முடிவுக்காலத்தில் போடுவது வேறு. பட்டினி போடுகிறோமா என்ற கேள்விக்கு, 2010இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் முன்வைத்த வழி பதிலாக அமைகிறது. அவர் வாய் திறக்கும்வரை, அவருக்குச் சுகமாக இருக்கும்வரை, பிடித்ததைக் கையால் கொடுப்பது. முகம் திருப்பினால் நிறுத்துவது. அப்போதும் வாயை ஈரப்படுத்திக்கொண்டு பக்கத்திலேயே இருப்பது. இது எதையும் செய்யாமல் விடுவது ஆகாது. குழாயில் பாலை ஏற்றிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவதைவிட இதற்குத்தான் நேரமும் ஆளும் அதிகம் வேண்டும்.

அந்த நேரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் நான் லேசாகப் பதில் சொல்லிவிட முடியாத ஆட்சேபம். ஒரு வேளைக்கு முக்கால் மணி வைத்தாலும் மூன்று வேளைக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகிறது. வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்த்து, இதையும் செய் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அறிவுரை ஆகாது, தண்டனை. முன்னே சொன்னவற்றில் தட்டு, இலை, உருண்டைச் சோறு, ஒவ்வொன்றாய் வைப்பது ஆகியவை நேரத்தை மிச்சப்படுத்துபவை, அவற்றிலிருந்து தொடங்கலாம். பக்கத்தில் உட்காரும் வேலையை மட்டும் வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் முறைவைத்து எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சமைக்கத் தெரிய வேண்டியதில்லை, எதிரே தட்டோடு உட்காரத் தெரிந்தால் போதும். வழி கேட்க, 1992இல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம், சென்னையில் ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் மறதிநோய்ப் பிரிவு, முதியோருக்கான 14567 என்ற உதவி எண் ஆகியவை இருக்கின்றன. வீட்டுக்கு ஆள் அமர்த்துபவர்களும் இல்லத்தில் சேர்ப்பவர்களும் மாதக் கட்டணம், அறை, கழிவறை எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் உதவியாளர் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார், ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார் என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். முடிந்தால் அந்த நேரத்திலேயே நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.